மோட்டார் சைக்கிள் டைரீஸ்: இரவல் வாங்கியவர்கள் கேட்ட கேள்விகள்

என்னிடம் இருக்கும் 'மோட்டார் சைக்கிள் டைரீஸ்' புத்தகப் பிரதி பல கை மாறி, முதுகு பிய்ந்து, செல்லோடேப்பில் நிற்கிறது. வாங்கிப் போகும்போது கேட்கிற கேள்விகளும் திருப்பித் தரும்போது கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எளிய கேள்விகள் முதலில். வில்லங்கமானவை போகப் போக.

டி-ஷர்ட்டில் இருப்பாரே, அந்த சே குவேரா எழுதியதா இது? இல்லை அவரைப் பற்றி வேறு யாராவது எழுதியதா?

அவரே எழுதியதுதான். கியூபப் புரட்சியின் தலைவர்களில் ஒருவராக ஆவதற்கு முன், இளைஞராக நண்பரோடு தென் அமெரிக்காவைச் சுற்றிவந்த கதை. ஆனால் டி-ஷர்ட் ஆளை இதில் தேடாதீர்கள். அந்தப் புகைப்படம் 1960-இல் ஹவானாவில் ஆல்பெர்த்தோ கோர்தா எடுத்தது. இந்தப் பயணம் நடந்தது 1952-இல். அப்போது எர்னெஸ்தோ குவேராவுக்கு (அதுதான் அவர் இயற்பெயர்) வயது 23. அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார், சில பரீட்சைகள் பாக்கி. குழந்தையிலிருந்தே ஆஸ்துமா.

கூடப் போனவர் ஆல்பெர்த்தோ கிரனாடோ. ஆறு வயது மூத்தவர், உயிர்வேதியியல் படித்து வேலையில் இருந்தவர். 1951 அக்டோபரில் ஒரு நாள் கிரனாடோ வீட்டுத் திராட்சைப் பந்தலின் கீழ் மாத்தே குடித்தபடி வெட்டிப் பேச்சு பேசியதில் கிளம்பிய யோசனை இது. மாத்தே என்பது அவர்கள் ஊர் இலைத் தேநீர். அது இல்லாமல் அங்கே எந்த யோசனையும் கிளம்பாது.

புத்தகத்தில் ஒருத்தர்கூட அவரை 'சே' என்று கூப்பிடவில்லையே?

அந்தப் பெயர் இன்னும் வரவில்லை. 'சே' என்பது அர்ஜென்டினாக்காரர்கள் பேச்சுக்குப் பேச்சு போடும் விளிச்சொல், நம் 'ஏம்பா', 'டேய்' மாதிரி. பிறகு குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் பழகிய கியூபாக்காரர்களுக்கு அது வேடிக்கையாகப் பட்டு, பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. (நம் காதில் அது சலித்துக்கொள்வதாக விழுவது தனிக் கதை.)

இந்தப் பயணத்தில் அவர் 'ஃபூசெர்', நண்பர் 'மியால்'. ஃபூசெர் என்பது ரக்பி ஆடிய நாட்களில் 'ஃபுரிபுந்தோ செர்னா', அதாவது 'ஆவேசக்கார செர்னா' என்பதைச் சுருக்கி வைத்த பெயர். செர்னா அவருடைய அம்மா வீட்டுக் குடும்பப் பெயர்.

முழுப் பயணமும் பைக்கில்தானே?

இல்லை. இதைச் சொன்னதும் பைக் பிரியர்கள் முகம் வாடிவிடும். வண்டி கிரனாடோவுடையது. 1939 மாடல் நார்ட்டன், 500 சிசி. 'லா போதெரோசா' என்று பெயர்; 'பலசாலி' என்று அர்த்தம். பெயரில்தான் பலம். அர்ஜென்டினாவின் தெற்கே பதகோனியாவின் சரளைக்கல் பாதையில் விழுந்து விழுந்து எழுந்தது. திருகாணி போட வேண்டிய இடத்திலெல்லாம் கம்பியைச் சுற்றிக் கட்டிவிடுவது இரண்டு பேருக்கும் பிடித்த வைத்தியம். மலையைத் தாண்டி சிலிக்குள் போனதும் உயிரை விட்டது. சாந்தியாகோவுக்கு லாரியில்தான் ஏற்றி வந்தார்கள், மார்ச் தொடக்கத்தில் அங்கேயே விட்டுவிட்டார்கள். ஜனவரியில் தொடங்கி ஜூலையில் கரகாஸ் போய்ச் சேர்ந்த பயணத்தில் வண்டி இருந்தது முதல் இரண்டு மாதம்தான்.

என்னைக் கேட்டால் வண்டி போன பிறகுதான் புத்தகமே சூடு பிடிக்கிறது. வண்டி இருந்தவரை ஊருக்கு ஊர் ஒரு மரியாதை இருந்தது, போனதும் வெறும் ஓசிப் பயணிகள் ஆகிவிட்டோம் என்று அவரே நொந்துகொள்கிறார். லாரியின் பின்பக்கம் மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவர் யார், எங்கே போகிறார், ஏன் போகிறார் என்று கேட்கவே வாய்க்கிறது.

ஊர்ப்பெயர்கள் குழப்புகின்றன. எந்த வழியாகப் போனார்கள்?

ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புவனோஸ் ஐரஸிலிருந்து அட்லாண்டிக் கரையோரமாகத் தெற்கே, பிறகு மேற்கே திரும்பி ஆண்டிஸ் அடிவாரத்துப் பரிலோச்சே. அங்கிருந்து ஏரிகளைக் கடந்து சிலி: தெமூக்கோ, சாந்தியாகோ, வால்பரைசோ. கப்பலில் அந்தோஃபகாஸ்தா. பிறகு பாலைவனம், சூக்கிகமாத்தா தாமிரச் சுரங்கம். பெருவில் தித்திகாகா ஏரி, குஸ்கோ, மாச்சு பிச்சு, லிமா. மறுபடி மலையேறி இறங்கினால் அமேசான் பக்கம், இகித்தோஸ், சான் பாப்லோ. தெப்பத்தில் கொலம்பியாவின் லெத்திசியா, விமானத்தில் பொகோட்டா, கடைசியில் வெனிசுவேலாவின் கரகாஸ்.

பொலிவியா இதில் இல்லை. 1967-இல் அவர் கொல்லப்பட்ட நாட்டை இந்தப் பயணம் ஓரமாகத் தொட்டுக்கொண்டு போய்விடுகிறது.

கையில் காசே இல்லாமல் இத்தனை மாதம் எப்படி ஓட்டினார்கள்?

முகத்தை வைத்து. வேறு என்ன சொல்ல? தெமூக்கோவில் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் தங்களைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார்கள். தொழுநோய் மருத்துவத்தில் கைதேர்ந்த இரண்டு அர்ஜென்டினா நிபுணர்கள் மோட்டார் சைக்கிளில் கண்டம் சுற்றுகிறார்கள் என்று செய்தி வந்துவிட்டது. ஒருவர் இன்னும் படிப்பை முடிக்கவில்லை! அந்தத் தாளைக் காட்டியே பல வேளைச் சோறு கிடைத்தது. தீயணைப்பு நிலையம், மருத்துவமனை, போலீஸ் சாவடி என்று கிடைத்த இடத்தில் படுத்துக்கொண்டார்கள்.

'ஆண்டு விழா' என்று ஒரு தந்திரமும் உண்டு. கடையில் உட்கார்ந்து, இன்றோடு நாங்கள் கிளம்பி ஒரு வருடம் ஆகிறது, கொண்டாடத்தான் காசில்லை என்று பக்கத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி பெருமூச்சு விடுவது. அந்த மேஜைக்காரர் வாங்கிக் கொடுப்பார். வால்பரைசோவிலிருந்து கிளம்பியது அதைவிட மோசம். கப்பலின் கழிப்பறைக்குள் ஒளிந்து திருட்டுத்தனமாக ஏறினார்கள். மாட்டிக்கொண்டதும் தண்டனை: எர்னெஸ்தோவுக்குக் கழிப்பறை கழுவும் வேலை, கிரனாடோவுக்கு அடுக்களை வேலை.

சீரியஸான புத்தகம் என்று பயமாக இருக்கிறது. சிரிப்பு வருமா?

வரும், முதல் பாதியில் நிறையவே வரும். ஆண்டிஸ் அடிவாரத்தில் ஒரு பண்ணையில் படுக்க இடம் கொடுத்தவர், இந்தப் பக்கம் பூமா நடமாட்டம் இருக்கிறது என்று பயமுறுத்திவிட்டுப் போகிறார். இரவில் கதவைப் பிறாண்டும் சத்தம், இருட்டில் இரண்டு கண்கள். எர்னெஸ்தோ சுட்டுவிடுகிறார். பார்த்தால் செத்துக் கிடப்பது அந்த வீட்டுச் செல்ல நாய். சிரிக்கிறீர்கள், அப்புறம் அந்த நாயை நினைத்துச் சங்கடப்படுகிறீர்கள். இரவில் வயிறு கலங்கி ஜன்னல் வழியாகக் காரியத்தை முடித்தவர், விடிந்து எட்டிப் பார்த்தால் கீழே தகரத்தில் பீச் பழங்கள் காய வைத்திருக்கும் இடம் ஒன்றும் வரும். சாப்பிடும்போது படிக்க வேண்டாம்.

டைரி என்கிறார்கள், தேதியையே காணோமே?

டைரி என்பது பின்னால் வந்த தலைப்பு. அவர் இட்ட பெயர் 'பயணக் குறிப்புகள்'. வழியில் எழுதிய நாட்குறிப்பை, ஊர் திரும்பிய பிறகு உட்கார்ந்து கதைகளாகத் திருத்தி எழுதினார். அச்சில் வந்தது அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1990-களில்.

இந்தத் திருத்தி எழுதிய சங்கதியை மறக்காதீர்கள். தொடக்கத்திலேயே அவர் எச்சரித்துவிடுகிறார்: இந்தக் குறிப்புகளை எழுதிய ஆள் அர்ஜென்டினா மண்ணில் திரும்பக் கால் வைத்தபோதே இறந்துவிட்டான், இப்போது ஒழுங்குபடுத்துகிற நான் அவன் இல்லை என்கிற பொருளில். ஆக, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஓசிச் சோற்றுக்கு ஆண்டு விழா கொண்டாடுகிறவன் ஒருவன், அவனைத் தள்ளி நின்று பார்த்து எழுதுகிறவன் இன்னொருவன். நான் இதைத் திரும்பத் திரும்பப் படிப்பது இந்த இரண்டு குரல்களுக்காகத்தான்.

எந்த இடத்தில் அவர் புரட்சிக்காரராக 'மாறினார்'?

எல்லாரும் ஒரு பக்க எண்ணைக் கேட்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. ஆனால் சிலியில் அடுத்தடுத்து வரும் இடங்களை மெதுவாகப் படியுங்கள். வால்பரைசோவில் சாராயக்கடை ஒன்றுக்கு வந்துபோகும் ஒரு கிழவியைப் பார்க்கப் போகிறார். ஆஸ்துமா, அதோடு இதய நோய். ஒரு மாதத்துக்கு முன்புவரை வேலைக்காரியாக மூச்சு வாங்க உழைத்தவள். இப்போது சம்பாதிக்க முடியாததால் வீட்டில் இருப்பவர்களுக்கு அவள் ஒரு சுமை, அவர்கள் முகத்தில் கடுப்பு. எர்னெஸ்தோ தன்னிடம் இருந்த மாத்திரைகளில் சிலவற்றைக் கொடுத்துவிட்டு வருகிறார். தனக்கும் அதே இழுப்பு என்பதை அவர் அங்கே பெரிதாகச் சொல்வதில்லை. வைத்தியன் செய்யக்கூடியது இதில் ஒன்றுமில்லை என்பதைத்தான் எழுதுகிறார்.

பிறகு பாலைவனத்தில் ஓர் இரவு. ஒரு சுரங்கத் தொழிலாளி, அவர் மனைவி. அவர் கம்யூனிஸ்ட். சிலியில் 1948 முதல் அந்தக் கட்சிக்குத் தடை இருந்தது. சிறையில் இருந்துவிட்டு வந்தவருக்கு வேலை கிடைக்கவில்லை. அரசியலை யாரும் விசாரிக்காத கந்தகச் சுரங்கத்துக்குப் போகிறார்கள். அங்கே வேலை அவ்வளவு மோசம் என்பதால்தான் விசாரிப்பதில்லை. குளிரில் நடுங்கும் அவர்களிடம் போர்வைகூட இல்லை. இவர்கள் தங்களிடம் இருந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை இருவரும் போர்த்திக்கொள்கிறார்கள். அந்தத் தொழிலாளிக்குச் சித்தாந்தத்தின் சாரம் பிடிபட்டிருக்காது, 'ஏழைக்கு ரொட்டி' என்று அதை மொழிபெயர்த்தால் பிடிபடும் என்று எழுதுகிறார். அந்த வரியில் லேசான மேட்டிமை இருக்கிறது. ஆனால் அதற்குமேல் தனக்கும் அப்போது தெரியாது என்கிற நேர்மையும் இருக்கிறது.

அடுத்து சூக்கிகமாத்தா. அப்போது அமெரிக்க நிறுவனமான அனகோண்டாவின் கையில் இருந்த பெரும் திறந்தவெளிச் சுரங்கம். இது சுற்றுலாத் தலமில்லை, அரை மணி நேரம் சுற்றிக் காட்டச் சொல்கிறேன், பிறகு கிளம்புங்கள் என்கிறார்கள். சிலி அந்தச் சுரங்கத்தை நாட்டுடைமை ஆக்கியது 1971-இல், இவர் இறந்து நாலு வருடம் கழித்து.

ஊர் சுற்றப் போனவர்களுக்குத் தொழுநோய் மருத்துவமனைகளில் என்ன வேலை?

கிரனாடோ ஏற்கனவே அர்ஜென்டினாவில் ஒரு தொழுநோய் இல்லத்தில் வேலை பார்த்தவர். எர்னெஸ்தோவுக்கும் அதில் ஈடுபாடு. பசிபிக் கடலில் சிலிக்குச் சொந்தமான ஈஸ்டர் தீவுக்குப் போக ஆசைப்பட்டதே அங்கிருந்த தொழுநோயாளிகளைச் சாக்காக வைத்துத்தான். பல மாதங்களுக்குக் கப்பல் இல்லை என்று தெரிந்து கைவிட்டார்கள். தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873-இலேயே கண்டுபிடித்துவிட்டார். சல்ஃபோன் மருந்துகள் 1940-களில் வந்துவிட்டன. ஆனாலும் நோயாளிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கும் வழக்கம் போகவில்லை. இன்று தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை வர 1980-கள் ஆயின.

லிமாவில் தொழுநோய் மருத்துவர் ஊகோ பெஸ்ஸே இவர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்தார். மார்க்சியரும்கூட. பல ஆண்டு கழித்து, கெரில்லாப் போர் பற்றித் தான் எழுதிய நூலை சே கையெழுத்திட்டு அவருக்கு அனுப்பினார். லிமாவின் தொழுநோய் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது நோயாளிகள் தங்களுக்குள் சில்லறை சேர்த்து, பெரு நாணயத்தில் நூறு சோலுக்குமேல் கொடுத்தார்கள். இவர்கள் பெரிதாக வைத்தியம் ஒன்றும் செய்துவிடவில்லை. கை கொடுத்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பந்து விளையாடினார்கள். அதற்கே அவ்வளவு.

அமேசான் கரையில் சான் பாப்லோ குடியிருப்பு. சுமார் 600 நோயாளிகள். ஜூனில் இரண்டு வாரம்போல அங்கே இருந்தார்கள். இவர்களை வழியனுப்ப நோயாளிகள் படகில் பாட்டுக் கச்சேரியோடு வந்ததை அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அக்கார்டியன் வாசித்தவருக்கு வலது கையில் விரல்களே இல்லை, மணிக்கட்டில் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வாசித்தார். பாடியவருக்குக் கண் தெரியாது. ஆற்றின்மேல் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் படகு. புத்தகம் முழுக்க மறந்துபோனாலும் எனக்கு இது மறக்காது.

படம் பார்த்துவிட்டேன். புத்தகமும் படிக்க வேண்டுமா?

வால்டர் சால்ஸ் இயக்கி 2004-இல் வந்த படம் நல்ல படம். கேயல் கார்சியா பெர்னால் நடித்தது. ஹோர்ஹே டிரெக்ஸ்லரின் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஸ்பானிய மொழிப் பாட்டு ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் முறை.

ஆனால் படத்துக்கு ஓர் உச்சக்காட்சி தேவை. சான் பாப்லோவில் தன் பிறந்தநாள் இரவில் எர்னெஸ்தோ ஆற்றை நீந்தி நோயாளிகள் பக்கம் போகிறார். புத்தகத்தில் அந்தப் பிறந்தநாள் பக்கத்தில் இருப்பது விருந்து, பிஸ்கோ சாராயம், அப்புறம் ஒரு பேச்சு: மெக்சிகோவிலிருந்து மாகெல்லன் நீரிணைவரை நாம் ஒரே கலப்பினம், நாட்டு எல்லைகள் செயற்கையானவை என்று. படம் அவரைச் சற்றுக் கழுவித் துடைத்தும் வைத்திருக்கிறது. அடுத்த கேள்வியில் வருவது படத்தில் வராது.

கறுப்பின மக்களைப் பற்றி இழிவாக எழுதியிருக்கிறாராமே, உண்மையா?

உண்மை. கரகாஸ் பற்றிய பகுதியில் இருக்கிறது. கறுப்பர்கள் சோம்பல்பட்டவர்கள், கிடைத்ததைக் குடித்தும் கூத்தாடியும் தீர்ப்பவர்கள், ஐரோப்பியர்கள் உழைத்துச் சேர்ப்பவர்கள் என்ற தொனியில் ஒரு பத்தி. வெள்ளைத்தோல் அர்ஜென்டின நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்த பையனின் தடித்தனம்.

அதற்குப் பதிலாகச் சொல்லப்படுவதும் உண்மைதான். 1964-இல் ஐ.நா. மன்றத்தில் தென்னாப்பிரிக்க நிறவெறியையும் அமெரிக்க நிறவெறியையும் கண்டித்துப் பேசினார். 1965-இல் பெரும்பாலும் கறுப்பினக் கியூபர்களோடு காங்கோவுக்குப் போராடப் போனார். பின்னால் செய்ததை வைத்து முன்னால் எழுதியதை அழிக்க முடியாது. என்னை உறுத்துவது வேறொன்று. மேலே சொன்னேனே, திரும்பி வந்து திருத்தி எழுதினார் என்று. அந்த இரண்டாவது ஆளுக்கும் இந்தப் பத்தி உறைக்கவில்லை.

கடைசியில் வரும் அந்த இருட்டு மனிதர் யார்? அந்த அத்தியாயம் மட்டும் ஒட்டவே இல்லையே?

ஒட்டாதுதான். 'ஓரக் குறிப்பு' என்பது போன்ற தலைப்போடு வரும் பகுதி அது. மலையூரில் ஒரு குளிர் இரவு. ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த ஒருவர் இருட்டில் பேசுகிறார், பல் மட்டும்தான் தெரிகிறது. புரட்சி வரும், நீ அதில் சாவாய் என்கிறார். பிறகு எழுதுபவரே தன்னைப் போராட்டத்தின் நடுவில் கற்பனை செய்துகொள்கிறார், ரத்த வாடையோடு. ஊர் இல்லை, நாள் இல்லை, ஆளுக்குப் பெயர் இல்லை. மற்ற இடங்களில் சாப்பிட்ட கடையின் பெயரைக்கூட விடாதவர் இங்கே எல்லாவற்றையும் விட்டிருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த மனிதரை அவர் சந்தித்தது எழுதும் மேஜையில்தான் என்பது என் ஊகம்.

எர்னெஸ்தோவின் காதலி என்ன ஆனார்?

பயணத்தின் தொடக்கத்திலேயே அர்ஜென்டினாவின் மிராமர் கடற்கரையில் விட்டுவிட்டு வந்தார். காதலிக்குப் பரிசாகக் கொண்டுபோன நாய்க்குட்டிக்கு 'கம்பேக்' என்று பெயர், திரும்பி வருவேன் என்று அர்த்தமாக. பரிலோச்சேயில் கடிதம் வந்தது, உறவு முடிந்தது என்று. இரண்டு பக்கத்தில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்.

கிரனாடோ?

கரகாஸ் பக்கத்தில் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். எர்னெஸ்தோ பந்தயக் குதிரைகள் ஏற்றிய சரக்கு விமானத்தில் மயாமி போய், அது பழுதாகி அங்கே ஒரு மாதம் மாட்டிக்கொண்டு, ஆகஸ்ட் கடைசியில் ஊர் சேர்ந்தார். மறுவருடம் மருத்துவப் பட்டம் வாங்கினார். கியூபப் புரட்சிக்குப் பிறகு கிரனாடோ கியூபாவில் குடியேறி, மருத்துவக் கல்லூரி தொடங்கப் பாடுபட்டு, 2011-இல் ஹவானாவில் காலமானார். இதே பயணத்தைப் பற்றி அவரும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் யார் எங்கே கதை விடுகிறார் என்று தெரியும்.

அவருடைய அரசியல் எனக்கு ஆகாது. இதைப் படிக்கலாமா?

தாராளமாக. 1959-இல் கியூபப் புரட்சி வென்றதும் ஹவானாவின் லா கபான்யா கோட்டையில் அவர் பொறுப்பில் நடந்த மரண தண்டனைகளை மறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இந்தப் புத்தகத்தில் கட்சி இல்லை, ஆயுதமும் அந்த நாயைச் சுட்ட துப்பாக்கியோடு சரி. ரசிகர்களுக்குத்தான் நான் எச்சரிக்கை சொல்வேன், கரகாஸ் பத்தியைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள் என்று.

அதே வழியில் இப்போது போகலாமா?

பெரும்பகுதி போகலாம். ஈஸ்டர் தீவுக்குக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம், சாந்தியாகோவிலிருந்து விமானம் இருக்கிறது. மாச்சு பிச்சுவுக்கு முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும். குஸ்கோ 3,400 மீட்டர் உயரம், முதல் இரண்டு நாள் படியேறாமல் இருங்கள். சூக்கிகமாத்தாவில் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரையே காலி செய்து மக்களைப் பக்கத்து நகரமான காலமாவுக்கு மாற்றிவிட்டார்கள். வெறும் வீடுகள் நிற்கின்றன.

இகித்தோஸுக்கு இன்றைக்கும் வெளியிலிருந்து சாலை கிடையாது. விமானம், இல்லாவிட்டால் ஆறு. அங்கிருந்து சான் பாப்லோவுக்குப் படகுதான். நாள் கணக்கில் போகும் சரக்குப் படகுகளில் படுக்கைக்கு ஊஞ்சல் வலையை நீங்களே கொண்டுபோக வேண்டும். இகித்தோஸ் சந்தையில் கிடைக்கும்.